சீட்டு மேசையும் கணக்கு நோட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீ ரெண்டு வருஷம் லாஸ் வேகாஸ்ல வேலை பார்த்தவனாச்சே, அதைப் பத்திப் பேசேன்" என்றார். "சூதாட்ட ஊரைப் பத்திக் காலேஜ்ல பேசலாமா அண்ணே?" என்று தயங்கினேன். "பசங்க போன்லயே ஆடி முடிச்சுட்டானுங்க, நீ பேசித்தான் கெடப் போறானுங்களா" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எனவே ஒளிவு மறைவில்லாமல் பேச வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 தொடக்கத்தில் நம் கல்லூரி இறுதியாண்டு மாணவர் ஒருவர் என்னைப் போனில் அழைத்தார். "அண்ணா, நாலு மாசமா போக்கர் ஆடறேன். மாசம் நாப்பதாயிரம் வருது. கேம்பஸ்ல கிடைச்ச வேலைக்கு இருபத்தெட்டாயிரம்தான். வேலைக்குச் சேராம இதையே தொழிலா எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். நான் ஏதோ மீட்டிங்கில் இருந்தேன். "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்றேன். "ஏன் அண்ணா?" என்றார். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு இன்ஜினியரிடம் இன்னொரு இன்ஜினியர் "ஏன்" என்று கேட்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப் போகிறேன்.

நான் அங்கே சீட்டாடப் போகவில்லை. 2016 முதல் 2018 வரை ஒரு கேசினோ ஹோட்டலில் கண்காணிப்புக் கேமரா, கன்ட்ரோல் வயரிங் வேலைக்காகக் கம்பெனி அனுப்பியது. ஹோட்டலின் பெயர் நமக்குத் தேவையில்லை. சூதாட்டக் கூடத்தின் மேல்கூரையையும் கேபிள் டிரேக்களையும்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் கேமரா ரூமில் உட்கார்ந்து படம் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவனுக்கு, எல்லா மேசையும் தெரியும் அல்லவா?

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். கேசினோவில் பெரும்பாலான ஆட்டங்கள் ஹோட்டலுக்கு எதிராக ஆடுபவை. ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். ஒரு எண்ணில் ஒரு டாலர் வைத்து ஜெயித்தால் 35 டாலர் தருவார்கள். நியாயப்படி 37 தர வேண்டும். அந்த இரண்டு டாலர்தான் ஹோட்டலின் வருமானம். கணக்குப் போட்டால், வைக்கும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் சராசரி 5 டாலர் 26 சென்ட் ஹோட்டலுக்கு. இதில் மோசடி எதுவும் கிடையாது. சக்கரம் சுத்தமாக, நேர்மையாகச் சுற்றினால்தான் அந்த 5.26 தவறாமல் வரும். அதனால் சக்கரம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று நம்மைவிட ஹோட்டல்காரருக்குத்தான் அக்கறை அதிகம்.

போக்கர் அப்படியல்ல. அங்கே ஆடுபவர்கள் ஒருவருக்கொருவர் எதிரி. ஹோட்டல் மேசையும் டீலரும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் பணத்திலிருந்து சிறு கழிவு எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். பெரிய தொகை மேசைகளில் அரை மணிக்கு இவ்வளவு என்று நேரக் கட்டணமாகவும் வாங்குவார்கள். ஆகவே கெட்டிக்காரன் நீண்ட காலத்தில் ஜெயிக்க முடியும். போக்கரில் திறமை இருக்கிறது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஹாஸ்டலில் ரம்மி ஆடிய எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். நம்ம பேட்ச்சில் யார் எப்போதும் ஜெயிப்பார் என்று இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருக்கிறார்.

போக்கரின் பெரிய திருவிழாவான உலகப் போக்கர் தொடரை 1970ல் பென்னி பினியன் என்பவர் தன் ஹார்ஸ்ஷூ கேசினோவில் தொடங்கினார். ஒரு சிலர் கூடிய போட்டி அது. அந்தத் தொடரிலிருந்து இரண்டு பேருடைய வாழ்க்கையைச் சொல்கிறேன். இருவரும் சமகாலத்தவர்கள். இருவரும் உலக சாம்பியன்கள்.

ஒருவர் பாபி பால்ட்வின். ஓக்லஹோமா மாநிலத்துக்காரர். 1978ல் தன் 28வது வயதில் முக்கியப் போட்டியில் வென்றார். பரிசு 2,10,000 டாலர். அதுவரை வென்றவர்களில் அவர்தான் இளையவர். டாயில் பிரன்சன் தொகுத்த புகழ்பெற்ற போக்கர் நூலில் ஒரு பகுதியை எழுதியவரும் அவரே. சரி, அதற்குப் பிறகு என்ன செய்தார்? 1982ல் கோல்டன் நக்கெட் கேசினோவுக்கு ஆலோசகராகப் போனார். 1984ல் அதன் தலைவரானார். பிறகு மிராஜ், அதன் பிறகு 1998ல் திறந்த பெல்லாஜியோ. 2000ல் கம்பெனி கை மாறிய பின்னும் தொடர்ந்து, சிட்டி சென்டர் என்ற பிரம்மாண்டமான கட்டடத் தொகுதியை எழுப்பும் பொறுப்பை ஏற்றார். பெல்லாஜியோவில் மிகப் பெரிய தொகைக்கு ஆடுகிற தனி அறைக்கு 'பாபியின் அறை' என்றே பெயர் வைத்தார்கள்.

இன்னொருவர் ஸ்டூ உங்கர். நியூயார்க்கில் 1953ல் பிறந்தவர். ஜின் ரம்மி ஆட்டத்தில் அவரோடு உட்கார ஆளே கிடைக்காமல் போனதால் போக்கருக்கு வந்தவர். 1980, 1981 இரண்டு ஆண்டும் தொடர்ந்து உலக சாம்பியன். போன சீட்டையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் மூளை. போக்கரில் ஜெயித்ததைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயத்திலும் விட்டார். கொக்கெயின் பழக்கம் வேறு. 1990 போட்டியில் முன்னணியில் இருந்தவர், மூன்றாம் நாள் ஹோட்டல் அறையில் மயங்கிக் கிடந்தார். ஆளே இல்லாமல் அவருடைய சிப்ஸ் மட்டும் மேசையில் இருந்து ஒன்பதாவது இடம் வாங்கியது! 1997ல் கையில் காசில்லாமல், பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர் கட்டிய பத்தாயிரம் டாலரில் உட்கார்ந்து மூன்றாவது முறையாக ஜெயித்தார். பத்து லட்சம் டாலர் பரிசு, நண்பருக்குப் பாதி. அடுத்த ஆண்டு, 1998 நவம்பர் 22ம் தேதி, லாஸ் வேகாஸில் ஒரு மலிவான மோட்டல் அறையில் இறந்து கிடந்தார். வயது 45. நண்பர்கள் பணம் திரட்டித்தான் அடக்கம் செய்தார்கள். பெல்லாஜியோ திறந்து அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது.

சீட்டு மேசையில் இருவரில் யார் பெரிய ஆள் என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் உங்கரைத்தான் சொல்வார்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஒழுக்கம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. உங்கருக்கு இருந்தது ஒரு நோய். அதைத் திட்டி என்ன பயன். நான் கவனித்த வித்தியாசம் வேறு. பால்ட்வின் மேசையில் ஜெயித்த ஆறே ஆண்டில் மேசைக்குச் சொந்தக்காரர் பக்கம் போய் உட்கார்ந்தார். அந்தப் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரியானது.

எப்படி வேறு? கொஞ்சம் புள்ளியியல் பேசுகிறேன், மூன்றாம் செமஸ்டர் பாடம்தான், பயப்பட வேண்டாம்.

ஒரு நல்ல போக்கர் ஆட்டக்காரர், நூறு ஆட்டத்துக்குச் சராசரி 5 யூனிட் ஜெயிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யூனிட் என்பது அந்த மேசையின் பெரிய கட்டாயப் பந்தயம். இது நல்ல சராசரிதான். ஆனால் அதே நூறு ஆட்டத்தில் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், சுமார் 90 யூனிட். பத்தாயிரம் ஆட்டம் ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500 யூனிட். திட்ட விலக்கம் 900. அதாவது, உண்மையிலேயே திறமையுள்ள பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர், பத்தாயிரம் ஆட்டத்துக்குப் பிறகும் நஷ்டத்தில் இருப்பார்கள். நேரில் ஆடினால் மணிக்கு முப்பது ஆட்டம்தான். பத்தாயிரம் என்பது இரண்டு மாத முழுநேர வேலை.

இதைத் திருப்பிப் போடுங்கள். உண்மையிலேயே அதே அளவுக்குத் தோற்கிற ஆட்டக்காரர் பத்துப் பேரை உட்கார வைத்தால், பத்தாயிரம் ஆட்டத்துக்குப் பிறகு அவர்களில் மூன்று பேர் லாபத்தில் இருப்பார்கள். அந்த மூன்று பேரும் நம் ஜூனியருக்குப் போன் போட்டு, "மச்சான், நமக்கு இது கைவந்த கலைடா" என்பார்கள். தோற்ற ஏழு பேர் யாருக்கும் போன் பண்ண மாட்டார்கள். லட்சம் ஆட்டம் ஆடினால்தான் இந்த மயக்கம் நூற்றுக்கு நாலு என்ற அளவுக்குக் குறையும். நேரில் ஆடினால் அதற்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் முழுநேரம் ஆட வேண்டும்.

இப்போது ஹோட்டலின் பக்கம் வாருங்கள். ரூலெட்டில் சிவப்பில் ஒரு டாலர் வீதம் பத்து லட்சம் பந்தயம் விழுந்தால், ஹோட்டலின் சராசரி லாபம் சுமார் 52,600 டாலர். திட்ட விலக்கம் வெறும் ஆயிரம். அங்கே நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நான் கேமரா ரூம் ஷிப்ட் சூப்பர்வைசரிடம் ஒருநாள், "ஒருத்தர் ஒரே ராத்திரியில பெரிய தொகை ஜெயிச்சிட்டா உங்களுக்குக் கவலையா இருக்காதா?" என்று கேட்டேன். "அவர் நாளைக்கும் வருவாரா, இல்லை ஊருக்குப் போயிடுவாரான்னுதான் கவலை" என்றார். ஜெயித்தவருக்கு இலவச ரூம், இலவச டின்னர் கொடுப்பது அதற்காகத்தான். அதற்கும் கணக்கு உண்டு. சராசரிப் பந்தயம் 25 டாலர், மணிக்கு 60 ஆட்டம், நாலு மணி நேரம், ஹோட்டலின் சாதகம் ஒரு சதவீதம் என்றால், உங்கள் மதிப்பு 60 டாலர். நீங்கள் அன்று ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது முக்கியமில்லை. அந்த 60ல் ஒரு பங்கை உங்களுக்குச் சாப்பாடாகத் திருப்பித் தருவார்கள்.

கேசினோ நிர்வாகம் என்றால் கோட் சூட் போட்டுக்கொண்டு சிரிப்பது என்று சினிமாவில் காட்டுகிறார்கள். நான் பார்த்தது ஒரு பவர் பிளான்ட் மாதிரி. டீலர்கள் அடிக்கடி மேசை மாறுவார்கள். மேசையை விட்டு எழுந்தால் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் போவார்கள். பணம் எண்ணும் அறையில் பாக்கெட் இல்லாத உடை. யாரும் தனியாக நிற்கக் கூடாது. டீலரை ஒருவர் பார்க்க, அவரை இன்னொருவர் பார்க்க, அவரை மேலே இருந்து கேமரா பார்க்க, எல்லோரையும் நெவாடா மாநிலத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. 1955 முதல் இருக்கிற அமைப்பு அது. யார் மீதும் தனிப்பட்ட சந்தேகம் கிடையாது. தவறு நடக்கும் என்று வைத்துக்கொண்டே டிசைன் செய்கிறார்கள், நாம் ரிலேக்குப் பின்னால் பேக்கப் ரிலே வைப்பது போல.

அந்தப் பக்கத்திலும் ரிஸ்க் இல்லாமலில்லை. 1989ல் மிராஜைக் கட்டியபோது செலவு 63 கோடி டாலர், பெரும்பகுதி கடன். தினமும் பத்து லட்சம் டாலர் வந்தால்தான் வண்டி ஓடும் என்று பேசிக்கொண்டார்கள், ஓடியது. சிட்டி சென்டர் கட்டும்போது 2008 பொருளாதாரச் சரிவு வந்தது. 2009 மார்ச்சில் பங்குதாரரான துபாய் வேர்ல்ட் நிறுவனம் வழக்குப் போட்டது. வேலை நின்றுவிடும் நிலை. கடைசியில் எம்.ஜி.எம். நிறுவனம் கூட்டாளியின் பங்கையும் சேர்த்துக் கட்டி வேலையைத் தொடர்ந்தது. அதே தொகுதியில் ஹார்மன் என்று 49 மாடிக் கோபுரம் ஒன்று திட்டமிட்டிருந்தார்கள். கம்பி கட்டியதில் குறை இருப்பது 2008ல் தெரிந்து, பாதி உயரத்தில் நிறுத்தி, ஒரு விருந்தாளிகூடத் தங்காமலே 2015க்குள் பிரித்து எடுத்துவிட்டார்கள். சிவில் நண்பர்கள் இதைத் தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும். உலக சாம்பியன் தலைமையில் இருந்தாலும் கம்பி சரியாக இல்லையென்றால் கட்டடம் நிற்காது.

இத்தனையும் தெரிந்தவன் நான். இனி சொல்லப் போவதுதான் சொல்வதற்குக் கஷ்டமானது.

2020 ஊரடங்கில் சென்னையில் வீட்டிலிருந்து வேலை. இரவில் தூக்கம் வராது. போனில் ஒரு சீட்டாட்டச் செயலியை இறக்கினேன். ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்தேன். முதல் வாரம் ஜெயித்தேன். இப்போது உங்களுக்குச் சொன்ன கணக்கு அத்தனையும் அப்போதும் எனக்குத் தெரியும். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குத் தோற்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கணக்கு ஞாபகம் வராது. விட்டதைப் பிடிக்கணும் என்பது மட்டும்தான் ஞாபகம் வரும். ஏழு மாதம். மொத்தத்தில் ஒரு முப்பது நாற்பதாயிரம் போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேங்க் மெசேஜைப் பார்த்த என் மனைவி சண்டை போடவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து, தேதிவாரியாக இரண்டு பத்தி எழுதினார். போட்டது 5,12,000. எடுத்தது 1,72,000. மீதி 3,40,000 ரூபாய். எடுத்தது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருந்தது. போட்டது பாதிக்கு மேல் நினைவில்லை. அது அப்பாவின் முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். "கொரோனா நேரத்துல ஆஸ்பத்திரி வேண்டாம்ப்பா" என்று அவரிடம் சொன்னேன். நல்ல பிள்ளை சொல்வது போல்தான் இருந்தது. எட்டு மாதம் கைத்தடியோடு நடந்தார். ஆபரேஷன் முடிந்து வெகு நாள் கழித்துத்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

அதனால்தான் அந்தத் தம்பிக்கு "வேண்டாம்" என்று சொல்ல முடிந்த எனக்கு, "ஏன்" என்பதற்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்து நானே கூப்பிட்டேன். இந்தக் கதையைச் சொன்னேன். பிறகு, "நான் சொல்றதை நம்ப வேண்டாம். ஸ்டேட்மென்ட்டை எடுத்து நீயே ரெண்டு பத்தி போடு" என்றேன். இரண்டு நாளில் திரும்பக் கூப்பிட்டார். நாலு மாதத்தில் சுமார் ஒன்பதாயிரம் ஆட்டம். லாபம் 61,000 ரூபாய், மாதம் பதினைந்தாயிரம். அதிலும் 58,000 ஒரே ராத்திரி ஒரு டோர்னமென்ட்டில் வந்தது. அந்த ஒரு ராத்திரியை எடுத்துவிட்டால் நாலு மாத உழைப்புக்கு மூவாயிரம். "அண்ணா, மாசம் நாப்பதாயிரம்னு நான் பொய் சொல்லலை, நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்" என்றார். எனக்குத் தெரியாதா?

அவர் வேலையில் சேர்ந்தார். 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. செயலிகள் அந்த ஆட்டங்களை நிறுத்தின. அமெரிக்காவிலும் 2011 ஏப்ரல் 15 அன்று அரசு பெரிய போக்கர் தளங்களை முடக்கியபோது, அதையே தொழிலாக வைத்திருந்தவர்களின் பணம் ஒரே நாளில் மாட்டிக்கொண்டது. தொழிலின் கதவு நம் கையில் இல்லை என்பதும் ஒரு கணக்குதான்.

அப்படியானால் யாருமே ஜெயிப்பதில்லையா? ஜெயிக்கிறார்கள். 2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். பேரும் பொருத்தமாக அமைந்தது. அதன் பிறகுதான் உலகமே போக்கர் பக்கம் திரும்பியது. 2023ல் 10,043 பேர் கலந்துகொண்ட போட்டியில் வென்றவர் டேனியல் வைன்மன். பரிசு 1 கோடியே 21 லட்சம் டாலர். அவர் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர், வேலையில் இருந்துகொண்டே ஆடியவர். அந்தப் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் கட்டிய பத்தாயிரம் டாலரில் ஒரு டாலர்கூடத் திரும்பப் பெறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

மாணவ நண்பர்களே, உங்களுக்கு உபதேசம் செய்கிற தகுதி எனக்கில்லை. ஒரு வேலை மட்டும் தருகிறேன். சீட்டாட்டம் மட்டுமில்லை, ஷேர் மார்க்கெட் ஆப்ஷன் டிரேடிங்கோ கிரிப்டோவோ, எதில் பணம் போட்டாலும் இரண்டு பத்தி எழுதுங்கள். போட்டது, எடுத்தது. மனக்கணக்கு வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். பிறகு மிகப் பெரிய ஒரு வெற்றியை அடித்துவிட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை வீட்டில் ஒருவரிடம் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடியவில்லையென்றால், எனக்குப் போன் செய்யுங்கள். என் எண் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. இந்த முறை மீட்டிங்கில் இருந்தாலும் வெளியே வந்து பேசுவேன்.

அந்த நாற்பது பக்க நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. மீதிப் பக்கங்களில் என் மனைவி பால் கணக்கு எழுதுகிறார்.